படத்தைச் சோதிப்பதும் ஆளைக் காட்டுவதும்

அன்புள்ள அண்ணன் அவர்களுக்கு,

குலசேகரத்தில் ஒரு ரப்பர் கடையில் கணக்கு எழுதுகிறேன். 2020 ஜனவரியில் களியக்காவிளை சோதனைச் சாவடியில் சிறப்பு உதவி ஆய்வாளர் வில்சன் சுட்டுக் கொல்லப்பட்டதிலிருந்து பயங்கரவாத வழக்குகள் பற்றிய செய்திகளைத் தொகுத்து வருகிறேன். இரவு கடை அடைத்த பிறகு தமிழ்ப் பத்திரிகைகளையும் மலையாளப் பத்திரிகைகளையும் அருகருகே வைத்துப் படிப்பது வழக்கமாகிவிட்டது. ஒரே சம்பவத்துக்கு இரண்டு நேரம், இரண்டு இடம் என்று எழுதியிருப்பார்கள். இரவு தொலைக்காட்சியில் "அதிர்ச்சித் தகவல்" என்று ஓடியது மறுநாள் எங்குமே இருக்காது. இவற்றைக் குறித்து என் வலைப்பூவில் எழுதுகிறேன். சிலர் படிக்கிறார்கள்.

இப்போது ஒரு சிக்கல். எங்கள் பகுதி வாட்ஸ்அப் குழு ஒன்றில் ஒரு குரல் பதிவு வந்தது. இங்குள்ள ஒரு கடைக்காரர் தடைசெய்யப்பட்ட இயக்கத்துக்குப் பணம் அனுப்புகிறார் என்கிறது. அவர் பெயரும், கடைப் பலகையின் படமும் கூடவே வந்தன. எந்தப் பத்திரிகையிலும் இது இல்லை. "பத்திரிகைகள் மறைப்பதை வெளியே கொண்டுவரத்தானே நீ எழுதுகிறாய், இதை ஏன் போடவில்லை?" என்று நண்பர்கள் கேட்கிறார்கள். அப்பாவோ மொத்தமாகவே இது வேண்டாத வேலை என்கிறார். இதற்கென்று படித்தவர்களும் சம்பளம் வாங்குபவர்களும் இருக்கும்போது என்னைப் போன்றவன் இதைச் செய்வதில் பயன் உண்டா? அந்தக் குரல் பதிவை என்ன செய்வது?

ஜெ., குலசேகரம்

*

அன்புள்ள தம்பி ஜெ.,

கடைசிக் கேள்விக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். போடாதீர்கள். வேறு யாருக்கும் அனுப்பவும் வேண்டாம். அதில் கொஞ்சமாவது உண்மை இருக்கும் என்று நினைத்தால் எழுத்துமூலமாகக் காவல் நிலையத்தில் கொடுங்கள். வங்கிக் கணக்கைப் பார்க்கும் அதிகாரம் அவர்களுக்கு உண்டு, உங்களுக்கோ எனக்கோ இல்லை. நம் கன்னியாகுமரி மாவட்டத்தில் ஒருவருடைய பெயரைச் சொன்னாலே அவர் எந்தச் சாமியைக் கும்பிடுகிறார் என்று தெரிந்துவிடும். கடைப் பலகையின் படமும் சேர்ந்துவிட்டால் வழியும் காட்டியாகிவிட்டது. 1982 மார்ச்சில் மண்டைக்காட்டில் தொடங்கிய கலவரம் கடற்கரை ஊர்களிலும் உட்பகுதி ஊர்களிலும் எப்படிப் பரவியது என்று உங்கள் அப்பாவிடம் கேட்டுப் பாருங்கள். அன்று கைபேசி இல்லை. வாய்ச்சொல்லே போதுமானதாக இருந்தது.

அப்பாவின் பயம் நியாயமானது. ஆனால் வேண்டாத வேலை என்று அவர் சொல்வதை நான் ஏற்கவில்லை. இந்த வேலையைச் செய்த சாதாரண மனிதர்கள் பெரிய நிறுவனங்களைத் தலைகுனிய வைத்திருக்கிறார்கள். அதே வேலையைச் செய்கிறோம் என்று கிளம்பிய சாதாரண மனிதர்கள் நிரபராதிகளின் வாழ்க்கையைக் குலைத்தும் இருக்கிறார்கள். இரண்டையும் பல வருடங்களாகக் கவனித்து வருகிறேன். இரண்டுக்கும் நடுவே உள்ள வேறுபாடு எனக்கு மிகத் தெளிவாகத் தெரிகிறது, அதைத்தான் உங்களிடம் சொல்ல விரும்புகிறேன்.

2004 செப்டம்பரில் அமெரிக்காவின் சிபிஎஸ் தொலைக்காட்சி சில குறிப்புகளை வெளியிட்டது. அதிபர் புஷ் இளமையில் தேசியக் காவற்படையில் ஒழுங்காகப் பணியாற்றவில்லை என்பதற்கு ஆதாரமாக, 1972, 73ஆம் ஆண்டுகளில் அவருடைய மேலதிகாரி தட்டச்சு செய்தவை என்று அவற்றைக் காட்டினார்கள். செய்தி வாசித்தவர் டான் ராதர், அந்நாட்டின் மிகப் பெரிய செய்தி முகங்களில் ஒருவர். ஒளிபரப்பான சில மணி நேரத்திலேயே வாசகர்கள் சந்தேகப்பட்டார்கள். பழைய தட்டச்சு இயந்திரத்தில் பெரும்பாலும் எல்லா எழுத்துக்கும் ஒரே அகலம்தான். இந்தக் குறிப்புகளிலோ எழுத்துக்கு எழுத்து அகலம் மாறியது. சார்லஸ் ஜான்சன் என்ற வலைப்பதிவர் அதே வாசகங்களைத் தன் கணினியில் மைக்ரோசாஃப்ட் வேர்டில் எந்த அமைப்பையும் மாற்றாமல் அடித்தார். அதைத் தொலைக்காட்சி காட்டிய குறிப்பின்மேல் வைத்து, இரண்டும் மாறி மாறித் தெரியும்படி ஒரு படமாக்கினார். வரி முடியும் இடம், எழுத்துகளின் இடைவெளி எல்லாம் ஒன்றன்மேல் ஒன்றாகப் பொருந்தின. பன்னிரண்டு நாட்களில் சிபிஎஸ் அந்தக் குறிப்புகள் உண்மையானவை என்று தன்னால் நிரூபிக்க முடியவில்லை என்று ஒப்புக்கொண்டு மன்னிப்புக் கேட்டது. அடுத்த மார்ச்சில் ராதர் செய்தி வாசிப்பிலிருந்து விலகினார்.

2006 ஆகஸ்டில் இன்னொன்று. லெபனான் போரின்போது ராய்ட்டர்ஸ் செய்தி நிறுவனம் வெளியிட்ட ஒரு படத்தில் பெய்ரூட் நகரத்தின்மேல் கரும்புகை எழுகிறது. கூர்ந்து பார்த்தால் புகையின் ஒரே சுருள் அச்சு மாறாமல் திரும்பத் திரும்ப வருகிறது. இருக்கும் புகையை நகலெடுத்து ஒட்டிப் பெருக்கியிருந்தார் படமெடுத்தவர். இதையும் வலைப்பதிவர்கள்தான் பிடித்தார்கள். ராய்ட்டர்ஸ் அவரை விலக்கியது, அவர் எடுத்த 920 படங்களைத் தன் சேமிப்பிலிருந்து நீக்கியது. குண்டு விழுந்தது உண்மை, புகை எழுந்ததும் உண்மை. கூடுதல் புகை மட்டும் பொய். அந்தக் கூடுதல் புகையால் உண்மையான சாவுகளையும் நம்பாமல் போகச் சிலருக்குச் சாக்குக் கிடைத்தது.

இங்கே சோதிக்கப்பட்டது ஒரு காகிதம், ஒரு படம். சோதித்த முறை எல்லோர் கண்முன்னும் இருந்தது. நீங்களும் அதே வரியை அடித்துப் பார்க்கலாம், நானும் அதே புகையைப் பெரிதாக்கிப் பார்க்கலாம். சொல்பவர் யார், என்ன படித்தவர், எந்த ஊர்க்காரர் என்பது தேவையே இல்லை. படித்தவர்கள் இருக்கும்போது நான் எதற்கு என்று கேட்டீர்கள் அல்லவா, இதுதான் பதில்.

சோதனைக் கருவி நல்லதாக இருந்தால் மட்டும் போதாது என்பதையும் சொல்ல வேண்டும். ஜான்சனின் தளம் அந்தக் காலத்தில் இஸ்லாமியர்கள்மீதான வெறுப்பு கொட்டிக் கிடக்கும் இடமாகவும் பெயர் வாங்கியிருந்தது. ஒரு தரப்பின் பொய்யை மட்டும் தேடுகிறவரிடம், அந்தப் பொய்க்காகவே காத்திருப்பவர்கள் வந்து சேர்ந்துவிடுவார்கள். 2009 நவம்பரில் அவரே வலதுசாரிகளிடமிருந்து ஏன் விலகுகிறேன் என்று காரணங்களை வரிசைப்படுத்தி எழுதிவிட்டு வெளியே வந்தார். உங்கள் பதிவுகளைப் படித்துவிட்டு யார் மகிழ்கிறார்கள் என்று அவ்வப்போது பாருங்கள். ஒரே சாராரே எப்போதும் மகிழ்ந்துகொண்டிருந்தால் எதையோ பார்க்காமல் விடுகிறீர்கள்.

இப்போது மறுபக்கம். 2013 ஏப்ரல் 15 அன்று பாஸ்டன் மாரத்தான் ஓட்டத்தில் குண்டு வெடித்தது. ரெட்டிட் தளத்தில் ஆயிரக்கணக்கானவர்கள் கூட்டத்தின் படங்களை அலசத் தொடங்கினார்கள். முதுகுப்பை வைத்திருந்தவர்களை எல்லாம் வட்டமிட்டார்கள். அதன் முடிவில் அவர்கள் சுட்டிக்காட்டிய பெயர், ஒரு மாதமாகக் காணாமல் போயிருந்த ஓர் இந்திய வம்சாவளி மாணவருடையது. மகனைத் தேடி அந்தக் குடும்பம் ஃபேஸ்புக்கில் ஒரு பக்கம் வைத்திருந்தது. அதில் வசைகள் வந்து குவிந்தன. பெற்றோர் அந்தப் பக்கத்தையே மூட வேண்டியதாயிற்று. அவருக்கும் குண்டுவெடிப்புக்கும் எந்தச் சம்பந்தமும் இல்லை. சில நாட்களில் அவருடைய உடல் ஆற்றிலிருந்து எடுக்கப்பட்டது. அப்படித் தேடியவர்களில் பெரும்பாலானவர்கள் உங்களைப் போலவே நல்ல எண்ணம் கொண்டவர்களாகத்தான் இருந்திருப்பார்கள். படத்தை ஆராய்வதோடு நிற்காமல் ஆளைத் தேடப் போனார்கள், அதனால் வந்த வினை அது.

போலீஸே தவறும் இடம் இது. 2019 ஈஸ்டர் நாளில் இலங்கைத் தேவாலயங்களில் குண்டு வெடித்தபோது, தேடப்படுபவர்கள் என்று அந்நாட்டுப் போலீஸ் வெளியிட்ட படங்களில் ஒன்று, சம்பந்தமே இல்லாத ஓர் அமெரிக்க மாணவியுடையது. பிறகு மன்னிப்புக் கேட்டார்கள். அதே வாரத்தில் பெங்களூரிலிருந்து ஒருவர் போலீஸுக்குத் தொலைபேசியில், ராமநாதபுரத்தில் பயங்கரவாதிகள் பதுங்கியிருக்கிறார்கள், தென் மாநிலங்களில் தாக்குதல் நடக்கும் என்று சொன்னார். விசாரித்தால் வெறும் புரளி. அவர் கைதானார். தேங்காய்ப்பட்டணத்திலிருந்து கன்னியாகுமரி வரை தேவாலயங்கள் வரிசையாக நிற்கும் நம் கடற்கரையில் அந்த வாரம் மக்கள் எவ்வளவு கலங்கியிருப்பார்கள் என்று நினைத்துப் பாருங்கள்.

"பெயர் சொல்லாமல் எப்படிக் குற்றவாளியைப் பிடிப்பது?" என்று உங்கள் நண்பர்கள் கேட்கலாம். எலியட் ஹிகின்ஸ் என்ற ஆங்கிலேயரைப் பற்றிச் சொல்லுங்கள். வேலையில்லாமல் வீட்டில் இருந்தவர், 2012இல் சிரியப் போரின் காணொளிகளைப் பார்த்து, எந்த ஆயுதம் யார் கையில் இருக்கிறது என்று எழுத ஆரம்பித்தார். 2014 ஜூலையில் அவர் தொடங்கிய பெல்லிங்கேட் என்ற இணையப் புலனாய்வுக் குழு, அதே மாதம் உக்ரைன் வானில் சுட்டு வீழ்த்தப்பட்டு 298 பேர் இறந்த மலேசிய விமானத்தின் வழக்கைக் கையில் எடுத்தது. ஏவுகணை வண்டி சாலையில் போகும்போது வழியிலிருந்தவர்கள் எடுத்த படங்களைத் தேடிச் சேர்த்தார்கள். வண்டியின் பக்கவாட்டுத் தகட்டில் உள்ள நெளிவுகளைக்கூட ஒப்பிட்டு, அது ரஷ்யாவின் கூர்ஸ்க் நகரப் படைப்பிரிவுடையது என்று காட்டினார்கள். ராணுவ வீரர்களின் பெயர்களும் அவர்களிடம் இருந்தன. அவற்றை டச்சு அரசு வழக்கறிஞர்களிடம் கொடுத்துவிட்டு, 2016இல் பொதுவில் வெளியிட்ட அறிக்கையில் பலருடைய பெயர்களையும் முகங்களையும் மறைத்தார்கள். 2022 நவம்பரில் டச்சு நீதிமன்றம் மூன்று பேரைக் குற்றவாளிகள் என்றும் ஒருவரை விடுதலை செய்தும் தீர்ப்பளித்தது. பொதுவில் நெளிந்த தகடு, பெயர் வழக்கறிஞரிடம். உங்கள் நண்பர்களுக்கு இதைவிடத் தெளிவான பதில் என்னிடம் இல்லை.

தொலைக்காட்சிகளைப் பற்றி நீங்கள் எழுதியது முழுக்கச் சரி. 2008 நவம்பர் 26 மும்பைத் தாக்குதலில் கமாண்டோக்கள் இறங்குவதைக்கூட நேரலையில் காட்டினார்கள், எல்லைக்கு அப்பால் இருந்து ஆட்டுவித்தவர்கள் அதைப் பார்த்தே உள்ளே இருந்தவர்களுக்கு உத்தரவிட்டார்கள். 2012இல் கசாப் வழக்கின் தீர்ப்பில் உச்ச நீதிமன்றம் இதைக் கடுமையாகக் கண்டித்தது. பயங்கரவாத எதிர்ப்பு நடவடிக்கை முடியும்வரை நேரலை கூடாது, அதற்கென்று நியமிக்கப்பட்ட அதிகாரி அவ்வப்போது சொல்வதை மட்டுமே ஒளிபரப்பலாம் என்ற விதி 2015இல்தான் வந்தது. அந்த விதியைத் தொலைக்காட்சிகள் மதிக்கின்றனவா என்று தேதி, நேரத்தோடு குறித்துவைப்பது அருமையான வேலை. ஆனால் நீங்களும் அதே விதிக்குக் கட்டுப்பட வேண்டும். பயங்கரவாதிகள் வெளியிடும் காணொளியை ஆதாரம் என்று சொல்லிக்கூட உங்கள் பக்கத்தில் வைக்காதீர்கள். 2019 மார்ச்சில் நியூசிலாந்தின் கிறைஸ்ட்சர்ச் மசூதிகளில் 51 பேரைக் கொன்றவன் அதை நேரலை செய்தான். முதல் 24 மணி நேரத்தில் மட்டும் அதன் 15 லட்சம் பிரதிகளை ஃபேஸ்புக் நீக்க வேண்டியிருந்தது. பரப்பியவர்களில் எத்தனையோ பேர் கண்டிப்பதற்காகப் பரப்பியவர்கள். நம் நாட்டுச் சட்டமும் அந்த நோக்கத்தைக் கேட்டுக்கொண்டு சும்மா இருக்கும் என்று எதிர்பார்க்காதீர்கள்.

நம் மக்களுக்கு இந்த வேலை புதிதல்ல. 2017 நவம்பர் 30 ஒக்கிப் புயலுக்குப் பிறகு தூத்தூர், வள்ளவிளை, சின்னத்துறை ஊர்களில் நடந்ததைப் பார்த்தீர்களா? கடலுக்குப் போய்த் திரும்பாதவர்கள் இத்தனை பேர் என்று அரசு சொன்ன எண் ஒன்று, செய்திகளில் வந்த எண் வேறு. ஊர்க்காரர்கள் தாங்களே பட்டியல் எடுத்தார்கள். ஆளின் பெயர், படகு, எந்தத் துறைமுகத்திலிருந்து போனது, கூடப் போனவர்கள் யார். தூத்தூர்ப் படகுகள் கொச்சியிலிருந்தும் கிளம்புவதால், கரையிலிருந்து எண்ணுபவருக்குக் கணக்கு தப்பும், வீட்டிலிருந்து எண்ணுபவருக்குத் தப்பாது. அந்தப் பட்டியலோடுதான் குழித்துறையில் ரயில் தண்டவாளத்தில் உட்கார்ந்தார்கள். பயங்கரவாதச் செய்திக்கும் இதே பொறுமை வேண்டும்.

இரண்டு மொழியும் தெரிந்த விளவங்கோடு, கல்குளம் வட்டத்து ஆட்களுக்கு வாய்த்த வசதி சென்னைப் பத்திரிகையாளர்கள் பலருக்கு இல்லை. கேரள எல்லையில் உள்ள பாறசாலையில் நடந்ததை மலையாளத்தில் ஒரு விதமாகவும் தமிழில் ஒரு விதமாகவும் எழுதும்போது, அதை உடனே பார்த்துச் சொல்ல உங்களால் முடியும். இணையச் செய்தியாக இருந்தால் படித்த அன்றே, இணையப் பக்கங்களைச் சேமித்துவைக்கும் வேபேக் மெஷின் தளத்தில் ஒரு பிரதி சேமித்துவிடுங்கள். சத்தமில்லாமல் திருத்திவிடுவார்கள், பிறகு உங்களிடம் சான்று இருக்காது. அச்சுப் பத்திரிகை என்றால் எந்தப் பதிப்பு என்பதையும் குறியுங்கள்.

நீங்கள் அனுப்பிய தொகுப்பைப் பார்த்தேன். கைது வரைக்கும் எல்லாம் இருக்கிறது, அதற்குப் பிறகு எதுவுமே இல்லை. வில்சன் வழக்கில்கூட உடுப்பியில் இருவர் பிடிபட்டதோடு உங்கள் குறிப்பு நின்றுவிட்டது. பத்திரிகைகள் விட்ட இடத்தில் நீங்களும் விட்டுவிட்டீர்கள். 2002இல் நடந்த காந்திநகர் அக்ஷர்தாம் கோயில் தாக்குதல் வழக்கில் கைதானவர்களின் பெயர்கள் நாடு முழுக்கத் தலைப்புச் செய்தியாயின. உச்ச நீதிமன்றம் ஆறு பேரையும், அவர்களில் மூவர் தூக்குத் தண்டனை பெற்றவர்கள், நிரபராதிகள் என்று விடுவித்தது 2014 மே 16 அன்று. மக்களவைத் தேர்தல் முடிவு வந்த நாள். மறுநாள் பத்திரிகையில் அவர்களுக்கு எவ்வளவு இடம் கிடைத்திருக்கும் என்று நீங்களே தேடிப் பாருங்கள். அந்த நாளின் தமிழ், மலையாளப் பத்திரிகைகளை நூலகத்தில் எடுத்து, பக்கமும் பத்தியும் அளந்து ஒரு பதிவு எழுதுங்கள். நான் முதல் ஆளாகப் படிப்பேன்.

பிறகு உங்கள் அட்டவணையில் இன்னும் மூன்று கட்டங்கள் சேருங்கள்: நீதிமன்றம், அடுத்த விசாரணைத் தேதி, தீர்ப்பு. நீதிமன்ற வழக்கு விவரங்கள் உள்ள இ-கோர்ட்ஸ் தளத்தில் வழக்கு எண்ணைக் கொடுத்தால் பெரும்பாலும் கிடைத்துவிடும். தமிழகத்தின் தேசியப் புலனாய்வு முகமை (என்.ஐ.ஏ.) வழக்குகள் பலவும் பூந்தமல்லி சிறப்பு நீதிமன்றத்தில் நடக்கின்றன. வில்சன் வழக்கிலிருந்தே தொடங்குங்கள்.

அன்புடன்,
அண்ணன்