போட்டி மேடையில் மசூர்கா

அன்புள்ள ஆசிரியருக்கு,

போலந்தின் வார்சாவில் சோபின் இசைக்கென நடக்கும் பியானோ போட்டியின் சுற்றுகளை யூடியூபில் கேட்டேன். எல்லோரும் அபாரமாக வாசிக்கிறார்கள். ஆனால் கண்ணை மூடிக்கொண்டால் யார் யாரென்று பிரித்தறிய முடியவில்லை. நடுவர்களின் ரசனைதான் இப்படி ஒரே வார்ப்பாக ஆக்குகிறதா?

ம.

அன்புள்ள ம.,

ரசனையைவிட மதிப்பெண்ணைக் கூட்டும் முறைக்குத்தான் இதில் பங்கு அதிகம். 17 நடுவர்கள், பத்துக்கு மதிப்பெண் என்று வையுங்கள். எல்லோரிடமும் 8 வாங்கியவருக்கு 136. ஒன்பது பேர் மெய்மறந்து 10 போட்டு, எட்டுப் பேர் பிடிக்காமல் 5 போட்டவருக்கு 130. பாதிக்கு மேற்பட்டோரை உருக்கியவர் வெளியே போகிறார். 2021இல் சராசரியிலிருந்து அதிகம் விலகிய மதிப்பெண்ணைச் சராசரிப் பக்கம் இழுக்கும் விதியும் இருந்தது. காழ்ப்பில் போடும் 1ஐ அது தடுக்கும். ஒற்றை நடுவரின் பேரார்வத்தையும் சேர்த்தே நறுக்கிவிடும்.

இதன் விளைவை மசூர்காவில் தெளிவாகக் கேட்கலாம். மூன்றடி போலந்து நடனம் அது; அந்தத் தாளத்தில் சோபின் பியானோவுக்கு எழுதிய துண்டுகளுக்கும் அதுவே பெயர். அழுத்தம் முதல் அடியை விட்டு இரண்டாவதிலோ மூன்றாவதிலோ சாயும். எவ்வளவு நேரம் சாய்வது என்பது இசைக்குறிப்புத் தாளில் இருக்காது. சோபினே வாசித்தபோது அது நான்கடியாகக் கேட்டதென்றும், தான் உரக்க எண்ணிக் காட்டியதும் சோபின் சிரித்துவிட்டு அந்த நடனத்தின் இயல்பே அதுதான் என்றாரென்றும் அவர் காலத்துப் பியானோ கலைஞர் சார்லஸ் ஹாலே எழுதியிருக்கிறார். இன்று ஒருவர் அவ்வளவு நீட்டினால் சில நடுவர்களுக்காவது தாளம் தப்பியதாகப் படும், 5 விழும். அதனால் யாரும் ஆட்சேபிக்காத அளவுக்கு மட்டும் நீட்டிப் பழகுகிறார்கள். அந்த அளவு ஏறக்குறைய எல்லோருக்கும் ஒன்றாகிவிடுகிறது.

விரல் பயிற்சிக்கென எழுதப்பட்ட எட்யூடில் கதை வேறு. ஓபஸ் 10, எண் 2இல் வலக்கையின் 3, 4, 5ஆம் விரல்கள்தான் அரைச்சுர ஓட்டம் முழுவதையும் சுமக்கின்றன. அங்கே ஒரு சுரம் தவறினால் அத்தனை நடுவர்களுக்கும் கேட்கும், வாதத்துக்கே இடமில்லை. பயிற்சி நேரம் அங்கே போய்க் கொட்டுவது இயல்புதானே.

1980இல் ஈவோ போகோரெலிச் என்ற போட்டியாளர் இறுதிச் சுற்றுக்கு முன்பே வெளியேற்றப்பட்டார். அதை ஏற்காமல் பியானோ கலைஞர் மார்த்தா ஆர்கெரிச் நடுவர் குழுவிலிருந்து விலகினார். அவர் செய்தது சரி என்றே நினைக்கிறேன். ஆனால் ஒருவர் வெளியேறுவதால் கூட்டல் மாறாது. ஒவ்வொரு நடுவரும் போட்டி முழுவதிலும் ஒரே ஒருவரை, மற்றவர்கள் என்ன மதிப்பெண் போட்டிருந்தாலும், அடுத்த சுற்றுக்கு அனுப்பலாம் என்று விதி வகுக்கலாம். சராசரி கூட்டுவதை விடாமலே இதைச் செய்ய முடியும்.