திட்டுகிற பையனும் திட்ட வைக்கிற விளையாட்டும்

அன்புள்ள அண்ணா,

எங்கள் மகனுக்குப் பதினான்கு வயது. காவடி நாளில் கோயில் பந்தியில் பெரியவர்களுக்குப் பார்த்துப் பார்த்துப் பரிமாறுவான். அதே பையன் ராத்திரி ஹெட்செட்டை மாட்டிக்கொண்டு ஆன்லைனில் விளையாட உட்கார்ந்தால், முகம் தெரியாதவர்களை வாய்க்கு வந்தபடி திட்டுகிறான். கேட்டால் "எல்லாரும் அப்படித்தான் பேசுவாங்க" என்கிறான். விளையாட்டையே நிறுத்திவிடலாமா?

ர., சாட்ஸ்வொர்த், டர்பன்

அன்புள்ள ர.,

நிறுத்துவதற்கு முன் ஒருநாள் பக்கத்தில் உட்கார்ந்து, எப்போது திட்டுகிறான் என்று பாருங்கள். பெரும்பாலும் எதிரியைத் திட்டமாட்டான்; சொதப்புகிற சொந்த அணிக்காரனைத்தான் திட்டுவான். இப்படிப் பேசிக்கொண்டே ஆடும் அணி விளையாட்டுகள் பலவற்றில் ஐந்து பேர் அணி, அரைமணி நேரத்துக்கு மேல் ஓடும் ஆட்டம், ஒருவன் சொதப்பினால் ஐவரின் தரவரிசையும் இறங்கும். பாதியில் எழுந்து போனால் தண்டனை வேறு. இப்படிக் கட்டிப்போட்டால் சாதுவுக்கும் வாய் நீளும். 2023-இல் தென்னாப்பிரிக்காவில் மின்வெட்டு உச்சத்தில் இருந்தபோது நம் ஊர்ப் பிள்ளைகள் பட்ட பாடு உங்களுக்கே தெரியும். கரண்ட் போனவனுக்கும் கோபித்துக்கொண்டு ஓடியவனுக்கும் அந்த விளையாட்டுகளில் ஒரே தண்டனைதான்.

2012-இல் வந்த 'ஜர்னி' விளையாட்டின் கதை இங்கே பொருந்தும். பாலைவனத்தில் முன்பின் அறியாத இருவர் சேர்ந்து நடக்க வேண்டும். அதை வடிவமைத்த ஜெனோவா சென், ஒருவரையொருவர் தள்ளிவிட்டு உதவிக்கொள்ளட்டும் என்று முதலில் வைத்திருந்தார். ஆடிப் பார்த்தவர்களோ பள்ளத்தில் தள்ளிவிட்டு ரசித்தார்கள். மனம் நொந்துபோனவருக்கு ஓர் உளவியலாளர் விளக்கம் சொன்னார்: புது உலகத்துக்குள் நுழைகிறவர்கள் கைக்குழந்தை மாதிரி, நல்லது கெட்டது பார்ப்பதில்லை, எதைச் செய்தால் பெரிதாக ஏதாவது நடக்கிறதோ அதையே திரும்பச் செய்வார்கள். உடனே தள்ளுவதை எடுத்துவிட்டார்கள். தொட்டால் இருவருக்குமே பறக்கும் சக்தி ஏறும் என்று மாற்றினார்கள். பேச்சும் கிடையாது, ஓர் இசை ஒலி மட்டும். கூட வந்தவர் பெயர்கூட ஆட்டம் முடிந்த பிறகுதான் தெரியும். ஆட வந்தது அதே மனிதர்கள்தான், ஆனால் வழிகாட்டவும் காத்திருக்கவும் தொடங்கிவிட்டார்கள்.

பேச்சைக் குறைத்தாலே போதும் என்றும் சொல்ல முடியாது. 'ஹார்த்ஸ்டோன்' சீட்டு விளையாட்டில் ஆறே ஆறு தயார் வாசகங்கள்தான். அதிலும் 'மன்னிக்கவும்' என்பதை நக்கலுக்கே பயன்படுத்தினார்கள். 2016-இல் அதை எடுத்துவிட்டு 'ஆகா' என்ற மாதிரி ஒன்றை வைத்தார்கள். அப்புறம் அதுவும் நக்கலானது!

ஆக, உங்கள் மகன் சொல்வதில் பாதி உண்மை. மீதிப் பாதிக்கு அவன்தான் பொறுப்பு. கரண்ட் போய்த் தவித்தவனைத் திட்டச் சொல்லி எந்த விளையாட்டும் கேட்கவில்லை. ஒரு வாரம் மைக்கை அணைத்துவிட்டு ஆடச் சொல்லுங்கள். வரைபடத்தில் இடத்தைச் சுட்டிக்காட்டும் பொத்தான் இருக்கிறது, ஆட்டத்துக்கு அதுவே தாராளம். முடிந்தால் தெரிந்த பையன்கள் நாலு பேரோடு அணி சேரட்டும். இதற்கும் மசியவில்லை என்றால், அப்போது நிறுத்துவதைப் பற்றிப் பேசலாம்.