மடக்கு கரம்பிட்டை தினமும் பாக்கெட்டில் வைத்துக்கொள்ளலாமா?

மடக்கு கரம்பிட் (அலகு உள்பக்கம் வளைந்து, பிடியின் முனையில் விரல் விடும் வளையம் உள்ள மடக்குக் கத்தி) ஒன்று வாங்கி அன்றாட வேலைக்குப் பாக்கெட் கத்தியாக வைத்துக்கொள்ளலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். கயிறு, பேக்கிங் பெல்ட் மாதிரி இழுத்து அறுக்கிற வேலைதான் அதிகம் என்றால் வாங்கலாம். மற்ற எல்லாவற்றுக்கும் சாதாரண மடக்குக் கத்திதான் மேல்.

இதன் கூர் உள்வளைவில் இருக்கிறது. நேர்க்கத்தியில் கயிறு நுனியை நோக்கி வழுக்கிக்கொண்டே போகும், இதில் கதிர் அரிவாள் மாதிரி வளைவுக்குள் மாட்டிக்கொள்ளும், பெரிய பலம் போடாமல் இழுத்தாலே அறுந்துவிடும். என் கடையில் சரக்குக் கட்டு பிரிக்க இதைத்தான் எடுப்பேன், அந்த வேலைக்கு இவ்வளவு சுகமான கத்தி என்னிடம் வேறு இல்லை.

ஆனால் அட்டைப்பெட்டியைத் திறக்கும்போது கவனம் வேண்டும். நுனி கீழ்நோக்கி வளைந்திருப்பதால் கொஞ்சம் அழுத்தினாலும் ஆழமாக இறங்கி உள்ளே இருக்கிற துணியைக் கிழித்துவிடும். பழம் நறுக்கவும் முடியாது, பலகையில் வைத்தால் நுனி மட்டும்தான் தொடும்.

இது இந்தோனேசியாவில் மேற்கு சுமத்ராவின் மினாங்கபாவ் மக்களோடு சேர்த்துச் சொல்லப்படும் கத்தி, புலி நகத்தைப் பார்த்துச் செய்தது என்பார்கள். சிலாட் சண்டைக் கலையில் ஆள்காட்டி விரலை வளையத்துக்குள் விட்டு, அலகு சுண்டுவிரல் பக்கம் வரும்படி பிடிப்பார்கள். சண்டைக்குப் பொருத்தமான பிடி அது, கட்டுப் பிரிக்க உதவாது. நான் சுண்டுவிரலை வளையத்தில் விட்டு, மற்றக் கத்திகளைப் போலவே முன்பக்கமாகப் பிடிக்கிறேன். அப்படிப் பார்த்தால் அந்த வளையத்தால் எனக்குப் பெரிய லாபமில்லை, பாக்கெட்டில் புடைத்துக்கொண்டு நிற்பதுதான் மிச்சம்.

அப்புறம் சாணை. தட்டையான கல்லில் உள்வளைவைத் தீட்ட முடியாது. உருண்டையான செராமிக் கம்பி வேண்டும், இல்லையென்றால் உருண்டைக் கட்டையில் உப்புத்தாளைச் சுற்றித் தேய்க்க வேண்டும். சாணைக்காரரிடம் கொடுப்பதாக இருந்தால் வளைவுக் கத்தி தீட்டுவாரா என்று முதலிலேயே கேட்டுவிடுங்கள், தட்டைச் சக்கரத்தில் வைத்தால் வளைவே கெட்டுப்போகும்.

அமெரிக்காவின் எமர்சன், இத்தாலியின் ஃபாக்ஸ் ஆகிய கத்தி நிறுவனங்களின் சில மாடல்களில் அலகின் முதுகில் ஒரு கொக்கி இருக்கும். வெளியே எடுக்கும்போது அது பாக்கெட் விளிம்பில் மாட்டி, கத்தியைத் தானாகத் திறந்துவிடும். கட்டுப் பிரிப்பவருக்கு அந்த வேகம் எதற்கு? துணியும் நாளடைவில் கிழியும். கொக்கி இல்லாததாகப் பார்த்து வாங்குங்கள்.

சட்டத்தையும் யோசிக்க வேண்டும். இந்தியாவில் 2016 ஆயுத விதிகள் 9 அங்குலத்துக்கு மேல் நீளமோ 2 அங்குலத்துக்கு மேல் அகலமோ உள்ள அலகைத்தான் ஆயுதமாகக் குறிப்பிடுகின்றன, மடக்கு கரம்பிட் அதைவிட மிகவும் சிறியது. ஆனாலும் சோதனையில் பிடிபட்டால் இதன் தோற்றத்தைப் பார்த்து யாரும் பழக்கத்தி என்று நினைக்க மாட்டார்கள். பிரிட்டனில் இருந்தால் இன்னும் கண்டிப்பு: கூர் 3 அங்குலத்துக்கு மேற்படாத, திறந்ததும் அலகு பூட்டிக்கொள்ளாத மடக்குக் கத்தியைத்தான் காரணம் சொல்லாமல் பொது இடத்தில் வைத்திருக்கலாம். மடக்கு கரம்பிட்கள் பெரும்பாலும் திறந்ததும் பூட்டிக்கொள்பவை. மலேசியாவிலும் தாக்கும் ஆயுதத்தோடு வெளியே போவது 1958ஆம் ஆண்டுச் சட்டப்படி பெரிய குற்றம், அங்கே இருக்கிறவர்கள் இதை வீட்டை விட்டு வெளியே எடுக்கவே வேண்டாம்.

அந்த வளைவுதான் பிடித்திருக்கிறது என்றால் இதேபோல் அலகு உள்வளைந்த, வளையமில்லாத ‘ஹாக்பில்’ மடக்குக் கத்தியைப் பாருங்கள், ஸ்பைடர்கோ நிறுவனத்தின் டாஸ்மன் சால்ட் அந்த வகை. இழுத்து அறுக்கிற சுகம் அப்படியே கிடைக்கும், பாக்கெட்டிலும் தட்டையாகக் கிடக்கும். சாணைக்கு மட்டும் அதற்கும் அதே உருண்டைக் கம்பிதான், கத்தியோடு சேர்த்தே வாங்கிவிடுங்கள்.