நீதிபதிக்கு எதற்கு இரண்டாம் தேர்தல்? (வாசகர் கடிதம்)

அன்புள்ள ஐயா,

அமெரிக்காவின் விஸ்கான்சின் மாநிலத்தில், மில்வாக்கியில் வசிக்கிறேன். குடியுரிமை கிடைத்தபின் நான் போட்ட முதல் ஓட்டு, 2025 ஏப்ரலில் நடந்த மாநில உச்ச நீதிமன்ற நீதிபதித் தேர்தலில். டிவியைத் திறந்தாலே விளம்பரம். எலான் மஸ்க் மேடையேறி வாக்காளர்களுக்குப் பத்து லட்சம் டாலர் காசோலை கொடுத்தார். நீதிபதியை இப்படியா தேர்ந்தெடுப்பது? ஆனாலும் நீதிபதிகளே நீதிபதிகளைத் தேர்ந்தெடுக்கும் நம்மூர் கொலீஜியத்துக்கு இது மேல் என்று தோன்றுகிறது. செலவுக்கு உச்சவரம்பு வைத்தால் போதாதா?

ச.

அன்புள்ள ச.,

ஓட்டுப் போட்ட பிறகும் மனம் உறுத்துகிறதே, அந்த உறுத்தலை விட்டுவிடாதீர்கள். ஆனால் உச்சவரம்பு என்று ஒரே வரியில் முடித்தீர்களே, அது சோம்பல். அந்தத் தேர்தலில் கரைந்தது சுமார் 10 கோடி டாலர். வேட்பாளரைச் சேராத குழுக்கள் தனியே செலவழிப்பதற்கு வரம்பு போட அமெரிக்காவின் பேச்சுரிமைத் தீர்ப்புகள் இடம் தருவதில்லை. கொலீஜியம் வேறு வழக்கு, இப்போது வேண்டாம்.

நீதிபதி எப்படி உள்ளே வருகிறார் என்றே எல்லோரும் பேசுகிறார்கள். வந்தவர் பதவியில் நீடிப்பது யார் கையில் இருக்கிறது என்று கேளுங்கள். நோய் அங்கேதான்.

மிசௌரி மாநிலம் 1940லேயே நல்ல வழி ஒன்று கண்டது. ஏழு பேர் குழு: வழக்கறிஞர்கள் தேர்ந்தெடுக்கும் மூவர், ஆளுநர் (அங்கே அவர் மக்கள் தேர்ந்தெடுப்பவர், நம்மூர் முதல்வர் போல) நியமிக்கும் பொதுமக்கள் மூவர், தலைமையில் ஒரு நீதிபதி. குழு மூன்று பெயர் கொடுக்கும். ஆளுநர் 60 நாளில் ஒருவரை நியமிக்காவிட்டால் குழுவே நியமித்துவிடும். இதுவரை சரி. ஆனால் குறைந்தது ஓராண்டு கழித்து அந்த நீதிபதியின் பெயர் எதிராளி இல்லாமல் வாக்குச்சீட்டில் வரும்: நீடிக்கலாமா, ஆம், இல்லை. உச்ச நீதிமன்றத்தில் அதன்பின் 12 ஆண்டுக்கு ஒருமுறை.

இந்த ஆம்-இல்லை ஓட்டு பெரும்பாலும் தூங்கும். யாரென்றே தெரியாமல் 'ஆம்' குத்துவார்கள். விழித்தால் தீர்ப்புக்காகப் பழிவாங்கும். அயோவா மாநில உச்ச நீதிமன்றத்தில் 2009இல் ஏழு நீதிபதிகளும் ஒருமனதாக ஒருபால் திருமணத்தை அனுமதித்தார்கள். அடுத்த ஆண்டு வாக்குச்சீட்டில் இருந்த மூவரும், தலைமை நீதிபதி மார்ஷா டெர்னஸ் உட்பட, வீட்டுக்கு அனுப்பப்பட்டார்கள். லஞ்சமில்லை, திறமைக் குறைவில்லை. காரணம் ஒரு தீர்ப்பு.

மக்களிடமிருந்து பிடுங்கி ஆளுநரிடம் கொடுத்தாலும் தீராது. நியூஜெர்சியில் நீதிபதிக்கு முதலில் ஏழு ஆண்டு, மறுநியமனம் கிடைத்தால் 70 வயது வரை. 2010இல் ஆளுநர் கிறிஸ்டி, ஜான் வாலஸ் என்ற நீதிபதிக்கு மறுநியமனம் தர மறுத்தார். மற்றவர்களுக்கு அந்தச் செய்தி போதாதா?

இதில் அடிபடுவது பெரிய அரசியல் வழக்குகள் மட்டுமல்ல. பென்சில்வேனியாவின் விசாரணை நீதிமன்றங்களை ஆராய்ந்தவர்கள் கண்டது இது: நீதிபதிக்கு ஆம்-இல்லை ஓட்டு நெருங்க நெருங்க, கொள்ளை, தாக்குதல் போன்ற வழக்குகளில் சிறைத்தண்டனை நீள்கிறது. கூண்டில் நிற்பவன் எந்த மாதத்தில் நிற்கிறான் என்பது அவன் சிறைக்காலத்தைத் தீர்மானிக்கலாமா? எனக்கு இது தாங்கவில்லை.

ஆகவே மிசௌரி போலக் குழு பெயர் கொடுத்து ஆளுநர் நியமிக்கட்டும், ஆனால் ஒரே பதவிக்காலம், நீண்டது, புதுப்பிக்க முடியாதது. உங்கள் நீதிமன்றத்தில் ஏழு இடம். ஒவ்வொன்றுக்கும் 14 ஆண்டு வைத்தால் இரண்டு ஆண்டுக்கு ஓர் இடம் காலியாகும், எந்த ஆளுநரும் மொத்தமாக நிரப்ப முடியாது. நடுவில் ஒருவர் விலகினால் புதியவருக்கு மிச்சக் காலம் மட்டும். மிச்சம் மூன்று ஆண்டுக்குக் குறைவென்றால் ஓய்வுபெற்ற நீதிபதி ஒருவர் உட்காரட்டும். இதில் ஓட்டையும் உண்டு: 45 வயதில் வருபவர் 59இல் வெளியேறி அடுத்த வேலையை மனதில் வைத்துத் தீர்ப்பெழுதுவார். முழு ஓய்வூதியமும், சில ஆண்டுக்குத் தேர்தலில் நிற்கத் தடையும் கூடவே வராவிட்டால் இந்தத் திட்டத்தைத் தொடவே வேண்டாம்.

தேர்தலே வேண்டும் என்கிறீர்களா? சரி, வைத்துக்கொள்ளுங்கள், ஆனால் ஒருவருக்கு ஒரே முறை. இப்போது பத்தாண்டு முடிந்ததும் மறுபடி நிற்கலாம். அதைத்தான் எடுக்கச் சொல்கிறேன். விஸ்கான்சின் அரசியல் சாசனத்தைத் திருத்த, அடுத்தடுத்த இரண்டு சட்டமன்றங்கள் ஒரே தீர்மானத்தை நிறைவேற்றி, பிறகு மக்கள் வாக்கெடுப்பில் வெல்ல வேண்டும். ஆளுநரின் கையெழுத்து தேவையில்லை. உங்கள் தொகுதி உறுப்பினருக்கு அடுத்த கடிதத்தை எழுதுங்கள், எனக்கல்ல.