கோடரிக்கு ஏது காம்பு?

வணக்கம். நான் தொடக்கப்பள்ளி ஆசிரியை. எங்கள் மாவட்டத்தில் கற்காலக் கருவிகள் கிடைத்த அத்திரம்பாக்கத்தில் 15 லட்சம் ஆண்டுகளுக்கு முன் நடப்பதாகச் சிறுவர் நாவல் ஒன்று எழுதிவருகிறேன். நாயகன் வேலன் என்ற சிறுவன். மூன்று அத்தியாயங்களை இணைத்துள்ளேன். வேட்டைக் காட்சியில் ரத்தம் வருகிறது. பத்து வயதுக் குழந்தைகள் படிக்கலாமா? அந்த மனிதர்களுக்குப் பேச்சு இருந்திருக்குமா? பதிப்பகம் கிடைக்குமா?
ம., திருவள்ளூர்

அன்புள்ள ம.,

பதிப்பகம் பற்றி என்னிடம் கேட்காதீர்கள். என் புத்தகத்துக்கே அலைந்துகொண்டிருக்கிறேன். பேச்சு இருந்ததா? அங்கே மனித எலும்பே அகப்படவில்லை, பேச்சுக்கு எங்கே போவது. கதையென்றால் பேசத்தான் வேண்டும், பேசட்டும். ஆனால் என்ன பேசுகிறார்கள் என்று பார்த்தீர்களா?

உங்கள் கிழவர் வேலனைத் திட்டுகிறார்: "குலத்தைக் கெடுக்க வந்த கோடரிக்காம்பே!" அந்த இடத்தில் தாளைக் கீழே வைத்துவிட்டேன். காம்பு ஏது அம்மா?

எனக்குப் பத்து வயதிருக்கும். பூண்டி ஏரி பார்க்கப் போனபோது அப்பா அங்குள்ள தொல்பழங்கால அருங்காட்சியகத்துக்குக் கூட்டிப்போனார். கண்ணாடிக்குப் பின்னால் மாங்காய் போல் ஒரு கல், 'கைக்கோடரி' என்று எழுதியிருந்தது. காம்பு உடைந்துபோயிற்றா என்று கேட்டேன். அப்பா பதில் சொல்லவில்லை. வெளியே வந்ததும் ஒரு கூழாங்கல்லைப் பொறுக்கி என் உள்ளங்கையில் வைத்து, விரல்களை ஒவ்வொன்றாக மடக்கிவிட்டு, என் மணிக்கட்டைத் தட்டினார். "இதுதான் காம்பு."

அத்திரம்பாக்கத்துக் கற்கருவிகளின் வயது பற்றித் தொல்லியலாளர் சாந்தி பப்பு குழுவினர் 2011-இல் வெளியிட்ட கணிப்பை ஒட்டித்தான் 15 லட்சம் என்று எழுதியிருக்கிறீர்கள். ஆண்டில் அவ்வளவு கவனமாக இருந்தவர் சொல்லில் இப்படிச் சறுக்கலாமா? வேல் இருந்தால்தானே வேலன்? உலோகம் வரப் பல லட்சம் ஆண்டுகள் இருக்கின்றன. பானை வனையும் முன்பே ஒருவனுக்குப் பானை வயிறு. எல்லோரும் நூல் பிடித்தாற்போல் நடக்கிறார்கள்; நூலை யார் நூற்றார்கள்? வேலன் வில்லிலிருந்து புறப்பட்ட அம்பாக ஓடுகிறான். உழவிலும் உலையிலும் பிறந்த உவமைகளை வைத்துக்கொண்டு கற்காலத்தை எழுத முடியாது. இது சின்ன விஷயம் என்று நினைக்காதீர்கள். குழந்தைக்கு அந்த உலகம் சொல் வழியாக மட்டும்தான் தெரியப்போகிறது.

வேறென்ன மிஞ்சும் என்கிறீர்களா? உங்களுக்கே தெரிந்திருக்கிறது. கல் கொத்தும்போது தெறித்த சில்லைத் தங்கை எடுத்து நாக்கில் வைத்துப் பார்க்கிறாளே, அந்த வரியை இரண்டு முறை படித்தேன். அங்கே உவமையே இல்லை. அகழாய்வில் விலங்குகளின் பற்களும் காலடித் தடங்களும் கிடைத்திருக்கின்றன. ஈரக் களிமண்ணில் பதிந்த குளம்புத் தடத்துக்குள் அவள் குதிகாலை வைத்துப் பார்க்கட்டுமே. பையனுக்கு முதலில் வேறு பெயர் வையுங்கள்.

ரத்தம் பற்றிக் கேட்டிருந்தீர்கள், மறந்தேபோனேன். இருக்கட்டும், ஞாயிற்றுக்கிழமை கறிக்கடைக்குக் கூடப் போகிற பிள்ளைகள்தான். ஆனால் எருமைத் தோலைக் 'கத்தியால்' உரித்தார்கள் என்று இருக்கிறதே, அதை இன்றைக்கே அடித்துவிடுங்கள்.