பொம்மசந்திராவில் இறங்குங்கள்

கேள்வி: அப்பாவுக்கு இதய நோய். மூன்று மாதத்துக்கு ஒருமுறை பெங்களூர் ஜெயதேவா மருத்துவமனைக்கு அழைத்துப் போகிறேன். பஸ்ஸில் போவது நல்லதா, ரயிலிலா?
- ஒரு வாசகி, பாலக்கோடு

பதில்: பஸ்ஸையும் மெட்ரோ ரயிலையும் சேர்த்துக்கொள்ளுங்கள் சகோதரி. நான் கிருஷ்ணகிரிக்காரன். எங்கள் ஊரில் ரயில் நிலையமே இல்லை. அம்மாவை இதே மருத்துவமனைக்கு ஆறு ஆண்டுகளாக பஸ்ஸில்தான் அழைத்துப் போகிறேன். ஒருமுறை பெங்களூர் சில்க் போர்டு சந்திப்பில் ஒன்றேகால் மணி நேரம் வண்டி நகரவில்லை. அம்மா நெஞ்சில் கைவைத்தபடி ஜன்னலையே பார்த்துக்கொண்டிருந்தார். அன்று டாக்டரைப் பார்க்க முடியாமல் திரும்பினோம்.

2025 ஆகஸ்டில் மெட்ரோவின் மஞ்சள் தடம் திறந்தபின் அந்த வேதனை தீர்ந்தது. ஆர்.வி. ரோடு முதல் பொம்மசந்திரா வரை 16 நிலையங்கள். நம் பக்கத்துக் கடைசி நிலையமான பொம்மசந்திரா, ஓசூர் சாலையிலேயே இருக்கிறது. நீங்கள் ராயக்கோட்டை வழியாக ஓசூர் வந்து பெங்களூர் பஸ் ஏறுங்கள். அத்திப்பள்ளி, சந்தாபுரா தாண்டியதும் பொம்மசந்திரா. அங்கே மெட்ரோ ஏறினால் 13-ஆவது நிறுத்தம் ஜெயதேவா. நிலையங்களில் லிஃப்ட் உண்டு. அப்பா படி ஏற வேண்டாம்.

எல்லா பஸ்ஸும் பொம்மசந்திராவில் நிற்பதில்லை. ஏறுமுன் கண்டக்டரிடம் கேட்டுவிடுங்கள். நிற்காது என்றால் அத்திப்பள்ளியில் இறங்கி பெங்களூர் நகரப் பேருந்தில் மாறலாம். நோயாளிகளும் வேலைக்குப் போகும் பிள்ளைகளும் இத்தனை பேர் போகும் பாதையில் வெளியூர் பஸ்கள் அனைத்தும் அங்கே நின்றாக வேண்டும். இதை நான் பார்க்கிற அதிகாரிகளிடமெல்லாம் சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

அப்பா நீர் மாத்திரை சாப்பிடுகிறாரா? அப்படியானால் ரயிலையும் யோசியுங்கள். அதில் கழிப்பறை இருக்கிறது. வண்டிகள் குறைவு, நேரத்தை முன்பே பார்த்துக்கொள்ளுங்கள். பெங்களூர் சிட்டி நிலையம் வரை போகும் வண்டியென்றால், அங்கே இறங்கி, பக்கத்திலுள்ள மெஜஸ்டிக் மெட்ரோ நிலையத்தில் பச்சைத் தடம், ஆர்.வி. ரோட்டில் மஞ்சள் தடத்துக்கு மாற்றம், அங்கிருந்து இரண்டாவது நிலையம் ஜெயதேவா. பஸ்ஸில் போனால், அப்பா கழிப்பறைக்குப் போய்வர ஓசூர் பஸ் நிலையத்தில் கால் மணி நேரம் நின்று போங்கள்.

கேள்வி: கர்நாடக அரசுப் பேருந்தில் பெண்களுக்குப் பயணம் இலவசமாமே? எனக்கும் உண்டா?
- அதே வாசகி

பதில்: இல்லை. 2023 ஜூனில் தொடங்கிய அந்தத் திட்டம் கர்நாடக முகவரி உள்ளவர்களுக்கு மட்டும். மெட்ரோவிலும் கட்டணம் உண்டு.

திரும்பும்போது ஒரு விஷயம். மாலையில் பொம்மசந்திராவுக்கு வரும் பஸ்கள் பெங்களூரிலேயே நிரம்பியிருக்கும். உங்கள் ஊர் பஸ்ஸுக்காக அப்பாவைச் சாலையோரம் நிற்க வைக்காதீர்கள். இடம் கிடைத்த வண்டியில் ஓசூர் வந்துவிடுங்கள். அங்கே புறப்படத் தயாராக நிற்கும் பஸ்ஸில் அவருக்கு முன் இருக்கை கிடைக்கும்.