சி டிரைவையும் டி டிரைவையும் ஒன்றாக்கினால் டி-யில் இருப்பது போய்விடுமா?

கேள்வி: ஆரையம்பதியில் அண்ணன் நடத்தும் கொமினிகேஷன் கடையில் ஒரு பழைய கம்ப்யூட்டர் இருக்கிறது. கோர் டூ டுவோ, வின்டோஸ் 7, 320 ஜீபீ ஹார்ட் டிஸ்க். சி நிரம்பிச் சிவப்பாகக் காட்டுகிறது, டி-யில் பாதிக்கு மேல் காலி. ஒன்றும் அழியாமல் இரண்டையும் சேர்க்க முடியுமா?

பதில்:

சேர்க்கலாம். ஆனால் டி-யில் இருப்பதை முதலில் வெளியே எடுத்து வைக்கவேண்டும். சி, டி என்பவை ஒரே ஹார்ட் டிஸ்க்கைப் பிரித்த பகுதிகள், அதாவது பார்ட்டிஷன்கள். பார்ட்டிஷன் சேர்ப்பது என்று நாம் சொல்லும் வேலை, ஒன்றை அழித்து அந்த இடத்துக்குள் பக்கத்தில் இருப்பதை நீட்டுவதுதான். 'மேர்ஜ்' என்று பட்டன் வைத்திருக்கும் சொப்ட்வெயார்களும் டி-யின் ஃபைல்களைச் சி-க்குள் ஒரு ஃபோல்டராகப் போட்டுவிட்டு டி-யை அழிக்கின்றன. நாம் கையால் செய்வதை அவை நம் கண்ணில் படாமல் செய்கின்றன, அவ்வளவுதான். நடுவில் ஏதும் பிசகினால் கேட்க ஆளில்லை.

அதற்கு முன், இந்த வேலை தேவைதானா என்று பாருங்கள். நானும் மட்டக்களப்புப் பக்கம் இந்தப் பழுது பார்க்கிற வேலையில் இருப்பவன். கொமினிகேஷன் கடைக் கம்ப்யூட்டர் என்றதுமே டெஸ்க்டொப்பைத்தான் முதலில் பார்ப்பேன். பின்னால் இருக்கும் படமே தெரியாத அளவுக்கு ஐகான் நிறைந்திருக்கும். ஸ்கேன் பண்ணிய அடையாள அட்டை, பிறப்புச் சான்றிதழ், ஜீஎஸ்ஸுக்கு (கிராம சேவகருக்கு) பாமினி ஃபொன்டில் அடித்த கடிதம், வட்ஸ்அப்பில் வந்து பிரின்ட் எடுத்த படங்கள், பெயர் வைக்காத 'நியூ ஃபோல்டர்' ஒரு வரிசை. டெஸ்க்டொப்பில் வைக்கும் எல்லாம் சி-யில்தான் சேரும். ஒரு ஏ4 தாளை 600 டீபீஐயில் கலராக ஸ்கேன் பண்ணி பிஎம்பியாகச் சேமித்தால் அந்த ஒன்றே 100 எம்பீ வரும். சனத்தின் அடையாள அட்டையை வருசக்கணக்காக ஏன் வைத்திருக்கிறீர்கள் என்பது வேறு கதை; அதை அழித்தாலே அண்ணனுக்கும் நிம்மதி, சி-க்கும் மூச்சு வரும்.

மிச்சத்தை டி-க்கு மாற்றுவது சுலபம். டி-யில் 'டெஸ்க்டொப்' என்று ஒரு ஃபோல்டர் செய்துகொள்ளுங்கள். சி-க்குள் யூசர்ஸ், அதற்குள் உங்கள் பெயர், அங்கே இருக்கும் டெஸ்க்டொப் ஃபோல்டரில் ரைட் கிளிக், ப்ரொப்பர்ட்டீஸ், லொக்கேஷன், மூவ் என்று போய் அந்தப் புது ஃபோல்டரைக் காட்டுங்கள். வெறும் டி-யைக் காட்டிவிடாதீர்கள், பிறகு டி முழுவதும் டெஸ்க்டொப்பாக வந்து நிற்கும். டொக்கியுமன்ட்ஸ், டவுன்லோட்ஸ் இரண்டையும் இதே மாதிரித் தனித்தனி ஃபோல்டருக்கு மாற்றலாம். ரேமில் இருப்பதை டிஸ்க்கில் எழுதிவைத்துவிட்டுக் கம்ப்யூட்டரை நிறுத்தும் ஹைபர்னேட் வசதியை நிறுத்தினால் ரேமின் முக்கால் பங்கு அளவு இடம் வரும். 4 ஜீபீ ரேம் என்றால் சுமார் 3 ஜீபீ. பெரும்பாலான கடைக் கம்ப்யூட்டர்களுக்கு இவ்வளவே போதும், பார்ட்டிஷனைத் தொடவே வேண்டாம்.

இல்லை, சேர்த்தே ஆகவேண்டும் என்றால், கம்ப்யூட்டர் ஐகானில் ரைட் கிளிக் பண்ணி மேனேஜ், அதில் டிஸ்க் மேனேஜ்மென்ட். டிஸ்க்கில் 320 என்று ஒட்டியிருந்தாலும் வின்டோஸ் 298 என்றுதான் காட்டும், பயப்படவேண்டாம். உங்களுடையதில் சி 48.7 என்றும் டி 249 சொச்சம் என்றும் இருக்க நல்ல வாய்ப்புண்டு. போமட் அடிக்கும் பொடியன்மார் அளவு கேட்கும் பெட்டியில் 50000 என்று அடித்துவிட்டுப் போவார்கள். அது எம்பீ கணக்கு. அதில் 100 எம்பீயை வின்டோஸ் தனக்கென்று 'சிஸ்டம் ரிசேர்வ்ட்' என எடுத்துக்கொள்ளும். அந்தக் காலத்தில் அந்த அளவு சரிதான். வைரஸ் வந்தால் சி-யை மட்டும் போமட் அடித்து டி-யில் உள்ள கலியாணப் படங்களைக் காப்பாற்றத்தான் அப்படிப் பிரித்தார்கள்.

இப்போது நிறத்தைப் பாருங்கள். டி-யின் மேல் கோடு கடும் நீலமாக இருந்தால் அது பிரைமரி. டிலீட் வால்யூம் கொடுத்ததும் அந்த இடம் கறுப்பாகும். சி-யில் ரைட் கிளிக் பண்ணி எக்ஸ்டென்ட் வால்யூம் கொடுத்தால் ஒரு நிமிடத்துக்குள் முடிந்துவிடும். டி பச்சைப் பெட்டிக்குள் வெளிர் நீலமாக இருந்தால் அது எக்ஸ்டென்டட் பார்ட்டிஷனுக்குள் இருக்கும் லொஜிக்கல் டிரைவ். அதை அழித்தால் இடம் இளம் பச்சையாகி 'ஃப்ரீ ஸ்பேஸ்' என்று நிற்கும். சி-க்கு எக்ஸ்டென்ட் மங்கலாகவே கிடக்கும். பலர் இங்கேதான் நின்று திணறுகிறார்கள். அந்தப் பச்சைப் பெட்டியையும் ஒருமுறை அழிக்கவேண்டும், அப்போதுதான் கறுப்பாகும். பெட்டிக்குள் ஈ என்று இன்னொன்று இருந்தால் அதையும் காலி பண்ணாமல் இது நடக்காது.

கறுப்பு இடம் சி-க்கு வலப்பக்கம் ஒட்டி இருக்கவேண்டும் என்பதுதான் வின்டோஸின் கண்டிப்பு. அதனால் டி-யைப் பாதியாகச் சுருக்கி அந்தப் பாதியைச் சி-க்குக் கொடுக்கலாம் என்ற யோசனை சரிவராது. சுருக்கினால் இடம் டி-யின் வால் பக்கம் வரும், சி-க்கும் அதற்கும் நடுவில் டி நந்தி மாதிரிப் படுத்திருக்கும்.

அழிக்க முன் இரண்டு விடயம். 'சிஸ்டம்', 'அக்டிவ்' என்று எழுதியிருக்கும் பார்ட்டிஷனைத் தொடக்கூடாது, தொட்டால் கம்ப்யூட்டர் எழும்பாது. டி-யில் ஏதும் சொப்ட்வெயார் நிறுவியிருக்கிறதா என்றும் பாருங்கள். அது ஃபைலாகக் கொப்பி பண்ணி வைத்தாலும் பிறகு வேலை செய்யாது, திரும்ப நிறுவவேண்டும்.

கொப்பி எடுப்பதைப் பற்றி: வெளி ஹார்ட் டிஸ்க் இல்லையென்றால் ஒன்றை இரவல் வாங்குங்கள். கொப்பி முடிந்ததும் இரண்டு பக்கமும் ப்ரொப்பர்ட்டீஸ் திறந்து ஃபைல் எண்ணிக்கை ஒத்து வருகிறதா பாருங்கள், சில படங்களை வெளி டிஸ்க்கிலிருந்தே திறந்து பாருங்கள். சி-யில் உள்ள முக்கியமானதையும் அதே கையோடு எடுத்துவிடுங்கள். கொப்பி போகும்போது அடிக்கடி நின்று நின்று போனால், டிஸ்க் 'டக் டக்' என்று சத்தம் போட்டால், சேர்க்கிற எண்ணத்தை விடுங்கள். டிஸ்க்கின் ஆரோக்கியத்தைக் காட்டும் கிறிஸ்டல் டிஸ்க் இன்ஃபோ என்ற இலவச சொப்ட்வெயாரில் மஞ்சளோ சிவப்போ காட்டினாலும் அப்படித்தான். எடுக்க முடிந்ததை எடுத்துக்கொண்டு டிஸ்க்கை ஓய்வுக்கு அனுப்பவேண்டியதுதான்.

இணையத்தில் ஜிபார்ட்டெட் என்ற பார்ட்டிஷன் மாற்றும் சொப்ட்வெயார் பற்றிப் படித்திருப்பீர்கள். பென் டிரைவில் போட்டு பூட் பண்ணினால் டி-யை அழிக்காமலே வலப்பக்கம் தள்ளித் தரும். நல்ல சாமான், இலவசம், நானும் பாவிக்கிறேன். ஆனால் தள்ளுவது என்றால் டி-யின் தரவு முழுவதையும் அதே டிஸ்க்கிலிருந்து வாசித்து அதே டிஸ்க்கில் வேறிடத்தில் எழுதவேண்டும். பழைய டிஸ்க்கில் மணித்தியாலக் கணக்கில் ஓடும். நடுவில் கரண்ட் போனால் பாதி பழைய இடத்தில், பாதி புது இடத்தில். அந்த டி-யை மீட்பது பெரும்பாடு. 2022 மார்ச் கடைசியில் நாள் ஒன்றுக்கு 13 மணித்தியாலம் கரண்ட் இல்லாமல் இருந்தோமே, அந்த நிலை இப்போது இல்லைதான். என்றாலும் மாரியில் நம் பக்கம் ஒரு காற்று அடித்தால், ஒரு மட்டை லைனில் விழுந்தால் போதும். கடையில் இருக்கும் சின்ன யூபிஎஸ் கம்ப்யூட்டரை ஒழுங்காக நிறுத்தத் தரும் நேரத்தைத்தான் தரும், இந்த வேலைக்குக் காணாது. அதனால் டெஸ்க்டொப் கம்ப்யூட்டர் என்றால் தள்ளாதீர்கள், அழித்து நீட்டுங்கள் என்றுதான் சொல்வேன். கொப்பி எடுக்கும்போது கரண்ட் போனாலும் மூலம் டி-யில் அப்படியே இருக்கும், திரும்ப எடுக்கலாம்.

ஒரு எச்சரிக்கை. வேலை நடுவே 'டைனமிக் டிஸ்க்காக மாற்றட்டுமா' என்று வின்டோஸ் கேட்டால் 'நோ' கொடுங்கள். மாற்றிவிட்டால் எல்லா வால்யூமையும் அழிக்காமல் வின்டோஸ் வழியாக இப்போதுள்ள சாதாரண 'பேசிக்' அமைப்புக்குத் திரும்ப முடியாது.

என் காசாக இருந்தால் இந்தச் சேர்ப்பு வேலைக்கே போகமாட்டேன். ஒரு 240 ஜீபீ எஸ்எஸ்டி (ஹார்ட் டிஸ்க்குக்குப் பதிலாகப் போடும் வேகமான டிஸ்க்) வாங்கி அதில் வின்டோஸை ஒரே பார்ட்டிஷனாகப் போட்டு, இந்த 320-ஐ ஸ்கேன் ஃபைல்களுக்கென்று இரண்டாவது டிஸ்க்காக விட்டுவிடுவேன். கோர் டூ டுவோ போர்டில் அதைச் செருகும் சாட்டா சொக்கட் இருக்கும், பொருந்தும். வின்டோஸ் 7-க்கு 2020 ஜனவரி 14 முதல் பாதுகாப்பு அப்டேட் நின்றுவிட்டது. வருகிறவர் போகிறவர் பென் டிரைவெல்லாம் குத்துகிற கடைக்கு அது வேறு தலைவலி. பாமினியும் மற்றத் தமிழ் ஃபொன்ட்களும் சி-யில் வின்டோஸ் ஃபோல்டருக்குள் ஃபொன்ட்ஸ் என்ற இடத்தில் இருக்கும். புதிதாகப் போடுவதென்றால் அவற்றை முதலில் எடுத்து வையுங்கள், இல்லாவிட்டால் பழைய கடிதங்கள் எல்லாம் ஆங்கில எழுத்துக் குவியலாகத்தான் திறக்கும்.